தூக்கு ரிஜிஸ்டரில் இல்லாத பெயர்

போன மாதம் பட்டா விஷயமாகக் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். பழைய கட்டுகள் வைத்திருந்த அறையைத் திறந்தார்கள். அந்துருண்டையும் ஈரக் காகிதமும் கலந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், எதிரில் இருந்த பெண், "உக்காருங்க சார்" என்றுதான் சொன்னாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். அந்த நாற்றத்துக்கும் எனக்கும் பழைய பகை. கேளுங்கள், சொல்கிறேன்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே கிடையாது, 'தூக்குக்கயிறு'தான். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் என் தாய்மாமனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர் என் அப்பா. ஆமாம், அம்மாவின் கூடப்பிறந்த அண்ணனை. நான் அப்போது கைக்குழந்தை. கடலூர் கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பாகி, மெட்ராஸ் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா வழிச் சொந்தத்தில் போய்ப் பார்க்க நாதியில்லை. அம்மாதான் ஒரே ஒரு தடவை போனாள். வெறுங்கழுத்தோடு திரும்பி வந்து, "தூக்குல போட்டுட்டாங்க" என்றாள். ஊர் கூடிக் கருமாதி செய்தது. எனக்கு மொட்டை அடித்தார்களாம்.

பிறகு நான் வளர்ந்து, மெட்ராசில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, நைனார்பாளையத்தில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கா? சொல்லவே வேண்டாம், திரும்பி வந்து ஒரு வாரம் கடையில் பில்லைத் தப்புத் தப்பாகப் போட்டேன். ஆனால் பெண்ணின் அப்பா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க. தூக்குல தொங்குனவன் வூட்ல பொண்ணக் குடுத்தா எங்களக் காறித் துப்புவாங்க."

கடைக்கு வரும் ஒரு வக்கீல் குமாஸ்தாதான் வழி காட்டினார். அப்பீலில் எத்தனையோ தூக்கு குறைந்திருக்கிறது, போய்ப் பார் என்றார். அப்படித்தான் பழைய ஜெயில் ரிக்கார்டுகள் இருந்த ஆபீசுக்குப் போனேன். அங்கே அதே அந்துருண்டை நாற்றத்துக்கு நடுவில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஓர் ஆள். அவனை இன்றைக்குப் பார்த்தாலும் அறைவேன்.

"இன்னா வோணும்?"

"எங்கப்பாவைத் தூக்குல போட்டாங்களான்னு பாக்கணும்."

"பாத்துகினு இன்னா பண்ணப்போற? பொணத்த எடுத்துகினு போவப்போறியா?"

லீவு கிடைத்த போதெல்லாம் போனேன், ஒவ்வொரு தடவையும் விரட்டினான். என் தொல்லை தாங்காமல் கடைசியில் தூக்கு ரிஜிஸ்டரை என் முன்னால் போட்டான். கடலைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, அப்பா பெயர் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு விரலை ஓட்டினேன். எவ்வளவு பெயர்கள்! அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அப்பா பெயர் இல்லை. இன்னொரு ரிஜிஸ்டரில் இருந்தது. அப்பீலில் தண்டனை குறைப்பு, பிறகு விடுதலை, எங்கள் ஊருக்குக் கிட்டத்து ஸ்டேஷனான சின்னசேலம் வரைக்கும் ரயில் பாஸ். கணக்குப் பார்த்தால் அப்போது எனக்கு எட்டு வயது.

அதை எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்கு ஓடினேன். அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அப்பாவத் தூக்குல போடல!"

"தெரியும்" என்றாள், தலை நிமிராமல்.

"அப்ப தூக்குன்னு சொன்னது?"

"நாந்தான் சொன்னேன். எங்கண்ணனக் கொன்னவனுக்குத் தூக்கு இல்லியாம், கம்மி பண்ணிட்டாங்களாம். ஜெயில் வாசல்ல சொன்னானுங்க. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. அங்கியே தாலியக் கயட்டிட்டேன்."

"ஊரே என்னைத் தூக்குக்கயிறுன்னு கூப்புட்டுச்சேம்மா!"

"கூப்புடட்டும்."

அடிப்பாவி! கத்தினேன். நாளைக்கே காகிதத்தோடு நைனார்பாளையம் போகிறேன் என்றேன்.

"போ. உங்கம்மா பொய்க்காரின்னு சொல்லிட்டு வா. கருமாதிச் சோறு துன்னவனுங்களுக்கும் நீயே பதில் சொல்லு."

நான் போகவில்லை. பெற்றவளைப் பொய்க்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண்ணைச் சின்னசேலத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அம்மாவிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் காகிதத்தைக் கொண்டுபோன அன்றைக்கே, அடங்காத ஆத்திரத்தில் இன்னொன்றையும் கேட்டேன். "சின்னசேலத்துக்குப் பாஸ் குடுத்திருக்காங்க. அந்தாளு எங்க போனாரு?"

"இங்கதான் வந்தான். ஊரே கதிர் அறுப்புக்குப் போயிருந்துச்சு. 'உனக்குக் கருமாதி ஆயிடுச்சு, போ'ன்னேன். தண்ணி கேட்டான். நான் குடுக்கல. நீதான் சொம்புல மொண்டுகினு போய்க் குடுத்த."

அந்த ஜெயிலை இடித்துவிட்டார்கள். கடலைக்காரன் இருக்கிறானோ போனானோ. அம்மாவும் போய்விட்டாள். மலைக்குப் போகிறவர்கள் இப்போது பஸ்ஸில் போகிறார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் எங்கள் வாசல் வழியாகத்தான் நடந்து போவார்கள், தண்ணீர் கேட்பார்கள், நான்தான் மொண்டு கொடுப்பேன். சுமை தூக்குகிறவர்கள், கடுக்காய் வியாபாரிகள், ஆடு ஓட்டிப் போகிறவர்கள். ஒருவர் முகமும் நினைவில் இல்லை. என் அப்பா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது.