பாலத்துச் சுவரில் இரண்டு இடி

நாங்கள் பாலத்துச் சுவரில் மோதியது ஒரே ஒரு தடவைதான். ஆனால் என் உடம்பில் இரண்டு இடி விழுந்தது. இதைச் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை.

அவர் ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தார். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் பழைய ஜீப்பை ஓட்டியது நான். முன்னால் போன வேன் சட்டென்று நிற்க, நான் ஒடித்துத் திருப்ப, ஈர ரோட்டில் சறுக்கிச் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நேராகப் போய் முட்டினோம். இருவரும் பெல்ட் போட்டிருந்தோம். அவருக்குக் கீறல்கூட இல்லை. எனக்குத் தோள்பட்டை மட்டும் கன்றிப்போனது.

"மொதல்ல காலுக்குக் கீழ ஒரு இடி. பெறவுதான் வண்டி நம்மளப் புடிச்சு நிறுத்திச்சு. ரெண்டும் தனித்தனி" என்றேன்.

"ஏட்டி, பயத்துல ஒனக்கு அப்படித் தோணுது. ஒரு தடவதான இடிச்சோம்?"

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். வெறும் தோற்றம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்கு நாள் கழித்து, ஜீப்பைச் சரிசெய்யக் கொடுத்திருந்த செங்கோட்டை ரோட்டுப் பட்டறை அண்ணாச்சி போன் செய்தார். "டீச்சர், பாடியக் கழத்தித் தூக்கியாச்சு. வந்து பாக்குதியளா?"

இருவரும் போனோம். நான் அசந்து நின்றுவிட்டேன். இத்தனை வருடம் நான் ஒரே பொருள் என்று நினைத்திருந்த ஜீப், இரண்டாகப் பிரிந்திருந்தது. நாங்கள் உட்காரும் பாடி சங்கிலியில் தொங்கியது. எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் சேஸ் கீழே கிடந்தது. சேஸின் இருபுறமும் வரிசையாக உள்ளங்கை அகல ரப்பர்கள். பாடி மவுண்ட் என்றார் அண்ணாச்சி. பாடி அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்குமாம். ஒவ்வொரு ரப்பரின் நடுவிலும் ஒரு போல்ட்.

முன்பக்க ரப்பர்கள் இற்றுப் பிளந்திருந்தன. போல்ட்டுகள் முன்னால் சாய்ந்திருந்தன. சேஸில் போல்ட் நுழையும், வட்டமாக இருக்கவேண்டிய ஓட்டை நீளமாக இழுபட்டிருந்தது. அதன் பக்கத்தில், துருவுக்கு நடுவே, இரண்டு விரல் நீளத்துக்குப் பளிச்சென்று ஒரு கீறல்.

"இது எப்ப விழுந்தது அண்ணாச்சி?"

"இப்ப விழுந்ததுதான். பழசுன்னா கருத்துல்லா போயிருக்கும்."

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. சுவரில் முட்டியது சேஸ். அதன் மூக்கு நசுங்கத் தொடங்கியபோது, இற்ற ரப்பர் அந்த விசையைப் பாடிக்குக் கடத்தவில்லை. பாடி பழைய வேகத்திலேயே இரண்டு விரல் தூரம் சறுக்கியது. போல்ட் ஓட்டையின் விளிம்பில் போய் முட்டிய பிறகுதான் மொத்த விசையும் ஒரேயடியாக எங்கள்மேல் வந்திருக்கிறது.

"ரெண்டு விரக்கட தூரம். அதுல என்ன வந்துரப் போவுது?" என்றார் கணவர்.

"செஞ்சே பாத்துருவோம்" என்றேன். அண்ணாச்சிக்கும் கண் மின்னியது.

வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் சக்கரப் பலகையை எடுத்தோம். அதன்மேல் ஒரு மரப்பெட்டியை எங்கள் பிளந்த ரப்பர்களை வைத்தே பூட்டினார் அண்ணாச்சி. பலகையின் முன்னால் நசுங்குவதற்காக ஒரு காலி ஆயில் டின். பெட்டியின் மேல் தண்ணீர் நிரப்பிய டம்ளர். சாய்த்துப் போட்ட பலகைகளில் மேலிருந்து பட்டறைச் சுவரை நோக்கி விட்டோம். கணவர் தரையில் குந்தி, மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தார்.

டின் முழுக்க நசுங்கியது. அதற்குப் பிறகுதான் பெட்டி 'டக்'கென்று நின்றது. டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் அடித்தது.

இப்போது புது ரப்பர், புது டின். இறுக்கிப் பூட்டி, அதே உயரத்திலிருந்து விட்டோம். டின் நசுங்க நசுங்கப் பெட்டியும் கூடவே வேகம் குறைந்தது. டம்ளர் சறுக்கியது, தண்ணீர் தளும்பியது. ஆனால் டம்ளர் விழவில்லை!

நான் சின்னப்பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். மூக்கு நசுங்கும் அந்த நொடித்துணுக்குதான் பாடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளக் கிடைக்கும் நேரம். எங்கள் ரப்பர் அதை வீணடித்திருந்தது.

கணவர் முதல் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். "ரெண்டு இடிதான்ட்டி" என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். "இன்னொருக்கா விடுங்க, இந்தப் பக்கமிருந்து எடுக்கேன்."

ஏழு தடவை விட்டோம். பட்டறையில் காலி டின் தீர்ந்துபோனது. அப்புறமும் அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிரேக் வேலைக்காக நின்ற இன்னொரு ஜீப்புக்கு அடியில் டார்ச்சோடு நுழைந்தார்.

"டீச்சர், இங்கன வாங்க! இதுலயும் முன்னால ரெண்டு ரப்பரும் போச்சு!"

கன்றிய தோளை மறந்து நானும் தரையில் படுத்து உள்ளே நகர்ந்தேன். "எங்க, எனக்கும் காட்டுங்க" என்றபடி மறுபக்கத்திலிருந்து கணவரின் தலையும் உள்ளே வந்தது.