யூச்சிகளின் தங்கம்

ஒரு காலில் கறுப்புச் சப்பாத்து, மறுகாலில் மண்ணிறச் சப்பாத்து, இரவு உடுப்புக்கு மேலே நீளமான குளிர்கோட்டு. எழுபதுகளின் கடைசியில், மெல்பேர்னில் ஒரு காலைப்பொழுது, அக்கா கையை விரித்து டிராமை மறித்த கோலம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அக்கா என் உடன்பிறப்பல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் இருவரும் பிரன்ஸ்விக்கில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் தாதி. அவர் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு மாணவி. யூச்சி என்ற பழைய நாடோடி மக்கள்தான் அவருடைய ஆய்வு. சீனாவின் மேற்குப் புல்வெளிகளில் வாழ்ந்த அவர்களைப் பகைவர்கள் தோற்கடித்து, அரசனின் மண்டையோட்டைக் குடிக்கும் கிண்ணமாக்கினார்கள். மிஞ்சியவர்கள் மேற்கே போய்ப் போய், கடைசியில் இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கில் தங்கினார்கள். பிறகு சீனப் பேரரசர் தூதனுப்பி, சேர்ந்து பழிவாங்கலாம் என்று அழைத்தபோது மறுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த கனிஷ்கர் அவர்களின் வழிவந்தவர். குசினியில் வெங்காயம் வெட்டியபடி அக்கா இதைச் சொன்னால், போன கிழமை நடந்த ஊர்ச்சண்டையைக் கேட்பதுபோல எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவருடைய பேராசிரியருக்கோ நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. ஏடுகளில் சில வரிகள் இருக்கின்றன, மண்ணிலிருந்து கிடைத்தது மிகச் சொற்பம், வெள்ளிக்கிழமைக்குள் வேறு தலைப்போடு வா என்று சொல்லிவிட்டார். இல்லையென்றால் ஆய்வு நிற்கும். அதோடு விசாவும் போகும்.

அந்த வெள்ளி காலையில்தான் வானொலி சொன்னது: வட ஆப்கானிஸ்தானில் நாடோடிப் பிரபுக்களின் கல்லறைகள், உள்ளே ஆயிரக்கணக்கான தங்கப் பொருட்கள். அக்கா தேத்தண்ணியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"கேட்டனீரே? அவையளாத்தான் இருக்கும்! கெதியா வாரும்!"

"அக்கா, சப்பாத்தை மாறிப் போட்டிருக்கிறியள்!"

"இருக்கட்டும்!"

பேராசிரியரின் அறைக்கதவு திறந்தே கிடந்ததால், வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. அவர்கள் யூச்சிகள்தான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். "தெரியாது. அதைத்தான் நான் ஆராயப் போகிறேன்" என்றார் அக்கா, ஆங்கிலத்தில், மூச்சு வாங்க. பேராசிரியர் சிரித்தார். சப்பாத்துகளைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஓம் எண்டிட்டார்!" என்று வெளியே ஓடிவந்தார் அக்கா. நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்த குதிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தங்கம் போய்ச்சேர்ந்த காபூலுக்குப் போக அக்காவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே போர் தொடங்கிவிட்டது. இருந்த ஆதாரங்களை வைத்தே பட்டம் பெற்றார். பல ஆண்டுகள் கழித்து, அந்தத் தங்கமே மெல்பேர்னுக்குக் கண்காட்சியாக வந்தது. முதல்நாளே போனோம். ஒரு மகுடத்தின் முன்னால் அக்கா நின்றுவிட்டார். மெல்லிய பொன் மரங்கள், இலை இலையாக.

"பாரும், துண்டு துண்டாக் கழட்டலாம். பைக்குள்ளை வைச்சுக்கொண்டு குதிரையிலை ஏறியிருப்பினம். மகுடத்தைக்கூட இடம்பெயர வசதியாத்தான் செய்திருக்கினம்!"

கண்ணாடியில் நெற்றியை வைக்க வேண்டாம் என்று காவலாளி இரண்டு தரம் சொன்னார். அக்காவுக்குக் கேட்கவில்லை.