ஊசியக்காவின் குறுக்குவழி

புண்ணில் போட்ட கட்டைப் பிரிக்கும் முன் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள் ஊசியக்கா. "வாசனையே பாதி சொல்லிடும்" என்பாள். மீதியைக் கண்ணால் பார்த்த பிறகு, நல்ல சேதியானால் அவள் புருவம் இறங்கும். இல்லையென்றால் வெந்நீர் கேட்பாள்.

ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். இப்போது வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறாள், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறாள். தோளில் துணிப்பை. அதில் கத்தரிக்கோலும் இடுக்கியும் படுத்திருக்கும் எவர்சில்வர் டப்பா, பஞ்சு, கட்டுத்துணி.

முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் பதினான்கு வீடு முடித்துவிடுவாள். ஒரு தெரு இன்னொரு தெருவில் கொண்டுபோய் விடும். அது சந்தில் விடும். சந்து யார் வீட்டுக் கொல்லை வழியாகவோ நுழைந்து வெளியே வரும். துணி உலர்த்துகிறவள் கொடியைத் தூக்கிப் பிடித்து, "குனிஞ்சு போங்கக்கா" என்பாள். போகிற போக்கிலேயே யாருக்குக் காய்ச்சல், யாருக்கு எத்தனை மாசம் என்பதெல்லாம் காதில் விழுந்துவிடும். ஊர் வெளிப்பக்கம் பரந்த பின் முளைத்த நகர்கள் ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் மதில், ஒரே வாசல். "கிணறு மாதிரி. எறங்குன வழியாத்தான் ஏறணும்" என்பாள். இப்போது நாளைக்கு எட்டு வீடுதான் முடிகிறது.

கடைசி வீடு ஒரு லேத் பட்டறைக்காரருடையது. சர்க்கரைப் புண், கால்விரல் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. தினம் கட்டு மாற்றினால்தான் அடுத்தது தப்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏழாவது வீடு இருக்கும் நகரின் கோடியில் ஓர் இடைவெளி இருந்தது. போன வாரம்வரை அதன் வழியே நாற்பது தப்படி நடந்தால் அவர் வாசல். இப்போது அங்கே நகர்ச் சங்கம் எழுப்பிய தோள் உயரச் சுவர். சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாங்கக்கா, போதும்," என்றாள் அவருடைய மருமகள், போனில்.

"புண்ணுக்கு லீவு கெடையாதும்மா. ஒரு ஸ்டூல் எடுத்துக்கிட்டு சுவத்துக்கிட்ட வந்து நில்லு."

நகரின் காவலாளி பதறிப்போனான். "அக்கா, சங்கச் செயலாளர் பாத்தா என் வேலை போயிடும்."

"உன்னைச் சுவத்தப் பாத்துக்கச் சொன்னாங்களா, என்னையப் பாத்துக்கச் சொன்னாங்களா?"

"சுவத்தத்தான்."

"அப்பப் பாத்துக்கோ. நான் ஒண்ணும் அதைத் தூக்கிட்டுப் போகல. உன் நாற்காலிய மட்டும் குடு."

அவன் தலையைச் சொறிந்தான். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

ஊசியக்காவுக்கு வயது அறுபத்தொன்று. ஏறும்போது முழங்கால், 'உனக்கு இது தேவையா' என்று கேட்டது. அந்தப் பக்கம் ஸ்டூல் தெரிந்தது, மருமகளின் நீட்டிய கைகள் தெரிந்தன. பையைக் கொடுத்தாள். முழங்கால் மறுபடி கேட்டது. பிறகு செருப்பு இரண்டையும் கழற்றி, சுவருக்கு அந்தப் பக்கம் போட்டாள்.