கூரை வெட்டிய மொரிஸ்

பாசிக்குடாக் கடற்கரைக்கு வரும் பயணிகளைத் திறந்த காரில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் ஆசையில், காத்தான்குடி றுமைஸ் தன் பழைய மொரிஸ் மைனரின் கூரையை வெட்டி எடுத்தார். கார் அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதல் சவாரியிலேயே நடுப்பகுதி தொய்ந்து கதவுகள் இறுகிவிட்டன. ஏறியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி சிரித்தபடி கதவுக்கு மேலால் ஏறிக் குதித்தார்கள். றுமைஸுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வண்டியத் தாங்கினதே கூரைதான் தம்பி. இனி அடியிலதான் பெலன் குடுக்கணும்," என்றார் வெல்டர் நல்லரத்தினம்.

இருவருமாக ஜாக்கி வைத்து நடுப்பகுதியை மெல்ல உயர்த்தினார்கள். கதவைச் சுற்றிய இடைவெளி மேலும் கீழும் ஒன்றானதும், இரு பக்க அடியிலும் தடித்த சதுர இரும்புக் குழாய்களை வைத்து வெல்டிங் செய்து, முன்சீட்டுக்குப் பின்னால் குறுக்கே இன்னொன்றால் இணைத்தார்கள்.

சோதித்துப் பார்க்க றுமைஸின் மனைவி பர்ஸானாவும் அவளுடைய தங்கைமாரும் ஏறி உட்கார்ந்தார்கள். றுமைஸ் வெளியே நின்று கைபிடியை இழுத்தார். கதவு இலகுவாகத் திறந்தது.

"தொறக்குது புள்ள! இனி இறங்கலாம்."

"ஏன் இறங்கணும்? கல்லடிப் பாலம் மட்டும் ஒரு சுத்துப் போவம்," என்றாள் பர்ஸானா.

பாலத்தில் வாவிக்காற்று முகத்தில் அடித்தது. பின்சீட்டில் ஒரே சிரிப்பு. றுமைஸ் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். காரில் ஒரு முனகல்கூட இல்லை.