பனிக்கட்டி என்று ஒரு சொல்

லூசியன் பெல்தியே, குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துபோகும் வடக்கு ஊரான சட்பரியில் பதினோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். முப்பத்தாறு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. பேச்சு ஓரிடத்தில் தொடங்கி வேறெங்கோ போய் நிற்கும். வேலை போயிற்று. அக்கா ஒடெட் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் அறை கொடுத்தாள்.

அவரை நான் அறிந்தது மருத்துவமனை ஆய்வறையில். அங்கே சோதனை நடத்துவது என் வேலை. திரையில் ஒரு சொல் மின்னி மறையும். பிறகு வரும் எழுத்துகள் உண்மையான சொல்தானா என்று பார்த்துப் பொத்தானை அழுத்தவேண்டும். 'சிங்கம்' வந்தபின் 'புலி' வந்தால் எவருக்கும் விரல் விரைந்துவிடும். லூசியனுக்கோ 'சிங்கம்' வந்தபின் 'வரி' வந்தாலும் அதே வேகம். நடுவிலுள்ள வரிப்புலியை அவர் மனம் சொல்லாமலே தாண்டிவிடும்.

மார்ச் மாதம் ஒருநாள் ஒடெட் வீங்கிய கண்களோடு அவரை அழைத்துவந்தாள்.

"அம்மா போன வாரம் செத்துட்டாங்க. இவன்கிட்ட சொன்னா, 'மூடிய இறுக்கித் திருகு, பார்லி ஆறிடும்'ங்கறான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. தேவாலயத்துல நடந்த இறுதிப் பூசைக்கு நான் இவனக் கூட்டிட்டே போகல."

லூசியன் கையுறையைக் கழற்றாமல் நின்றார்.

சோதனையில் 'பனிக்கட்டி' வந்தது. அவர் அழுத்தவில்லை.

"என்ன ஆச்சு, லூசியன்?"

"ஏரி கெட்டியாயிடுச்சு. ஓட்ட போட்டாச்சு. அப்பாவும் பேசமாட்டார், மீனும் பேசாது. அம்மாதான் பிளாஸ்க்கத் திறப்பாங்க. பார்லி சூப்பு. இனி யார் திறப்பா?"

வெளியே போய் ஒடெட்டிடம் அப்படியே சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சின்ன வயசுல உறைஞ்ச ஏரி மேல உக்காந்து தூண்டில் போடுவோம். அம்மா சூப்பு கொண்டுவருவாங்க... அப்ப அன்னிக்கே அந்தப் பேச்சுலயே அழுதிருக்கான். நான் கத்திட்டேனே!"

உள்ளே ஓடி அவர் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுடுடா. தரை இளகி அம்மாவப் புதைக்கறப்ப நாம சேர்ந்து போலாம். நானே கார் ஓட்டறேன்."

"நீயா? நீ ஓட்டினா ஊரே மரத்துல ஏறிக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

தரை உறைந்திருந்ததால் சவப்பெட்டி மே மாதம்வரை கல்லறைத் தோட்டத்து அறையில் காத்திருந்தது. அடக்கத்தன்று லூசியன் குழியருகே நின்று ஓயாமல் பேசினார். பாதிரியார் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"கொஞ்சம் வாய மூடச் சொல்லேன்" என்றார் ஓர் உறவினர்.

"அவன் அம்மாகிட்ட பேசறான். நீங்க மூடுங்க" என்றாள் ஒடெட். அவர் பேசியதில் முக்கால்வாசி அவளுக்கும் புரியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் லூசியன் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒடெட் மாலைதோறும் கீழே போய் அவரோடு உட்கார்ந்திருக்கிறாள்.