ஏரி தெரிந்த குடல்

பன்றிக்குட்டிகள் நண்டு ஓட்டைத் தின்றுதான் கழிந்து சாகின்றன என்று பழவேற்காடு ஏரிக்கரை முழுக்க நம்பினார்கள். இந்தப் பிழையை இனியும் திருத்தாமல் விடுவது நாட்டுக்கு நல்லதல்ல. மூன்று நாள் குட்டி பாலைத் தவிர எதையும் தின்னாது. காரணம் வைரஸ். எழுபதுகளின் கடைசியில் அங்கே கால்நடை ஆய்வாளனாக இருந்த நான் இதை வீடு வீடாகச் சொன்னேன். சேற்றில் சைக்கிள் தள்ளிய சக ஊழியர்களே, நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

நண்டின் மேல் பழி

மங்கம்மாவிடம் இரண்டு தாய்ப்பன்றிகள். மூத்தது குட்டி போட்ட அன்று நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நான்கே நாளில் ஒன்பது குட்டிகளும் மஞ்சளாய்க் கழிந்து செத்தன. இளையது சினையாக இருந்தது. ஏரியில் மீன் படாத மாதங்களுக்கு அந்த வீட்டுச் சோறு அதன் வயிற்றில்தான். வைரஸைப் பற்றி நான் கால் மணி நேரம் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நண்டு இல்லன்னா சரி டாக்டரு. அத்தக் கூட்டியாந்தது யாரு?"

தட்டில் இரண்டு குடல்

மறுநாள் காலை ஏரியும் வானமும் ஒரே வெள்ளை; படகுகள் எதன்மேலும் இல்லாமல் நின்றன. மங்கம்மா வீட்டு வாசலில், செத்த குட்டியின் குடலை வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடித்தாள் போன்ற அதன் சுவருக்குள் ஏரி மினுங்கியது. வெட்டித் தட்டுத் தண்ணீரில் விரித்தால் வெறும் மொட்டை. அதே தட்டில் பக்கத்திலேயே இன்னொரு குடல்; நோய் லேசாக வந்து போன சுண்ணாம்புக்குளம் ஊரில், தாய் நசுக்கியதால் செத்த குட்டியுடையது. அதில் பாலை உறிஞ்சும் மெல்லிய விரல்கள் நுனி தேய்ந்தும் பாசிபோல அசைந்தன. நானும் மங்கம்மாவும் எவ்வளவு நேரம் பார்த்திருந்தோமோ தெரியாது. "முதலாவது வீரிய வைரஸ், இரண்டாவது பலம் குன்றியது" என்று ஆரம்பித்தேன். கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்த மங்கம்மாவின் கணவர் எல்லையா தலை நிமிராமலே சொன்னார்.

"இது மீன் சேர்ற மடியே போன வலை. அது நாலு கண்ணி அறுந்த வலை, முடிஞ்சிக்கலாம். அவ்ளோதானே சார்?"

வேப்பிலை

இளையது குட்டி போட்ட சேதி கேட்டு ஓடினேன். பட்டி வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. மங்கம்மா மறித்தார். "இது கழிசலில் இருந்து காலில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வைரஸ், வேப்பிலைக்கு அடங்காது" என்று விளக்கினேன். அவர் என் செருப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூத்ததைப் பார்க்கப் போன அன்று, எளாவூரில் குட்டிகள் செத்துக்கொண்டிருந்த பட்டியிலிருந்து இதே செருப்போடுதான் நேராக வந்திருந்தேன்.

"புள்ள பெத்த வூட்டுக்குள்ள எவனாச்சும் செருப்போட வருவானா டாக்டரு?"

நோயைத் தேடி ஊர் ஊராகப் போனவன், அதைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அன்று வாசலைத் தாண்டாமல் திரும்பினேன்; இளையதின் ஏழு குட்டிகளும் பிழைத்தன. செருப்பை அன்றே எல்லையா அடுப்பில் போட்டார். சுண்ணாம்புக்குளம் வரை வெறுங்காலில் சைக்கிளை மிதித்தேன்.