காலைச் சுற்றிய பாசி

திண்டிவனம் போகும் வழியில் ஏரிப்பாசியை வாரிக் கரையில் குவித்திருந்தார்கள். அந்தப் பச்சை நாற்றம் பஸ்ஸுக்குள் வந்ததும் கோலியனூர் ஏரிக்கரையில் நாங்கள் இருந்த வீடு நினைவுக்கு வந்தது.

அங்கே அடிமண்ணில் வேர்விட்டு நீளமாக வளர்ந்திருந்த பாசி, அலை வந்தால் படுத்துக்கொள்ளும், போனதும் நிமிரும். அதைத் தாண்டிக் கரைக்கு வரும்போது அலை அடங்கியிருக்கும். குளிக்கையில் காலைச் சுற்றுகிறது என்று அம்மா சொன்னதால், அப்பா அதை வேரோடு பிடுங்கிப் போட்டார். அந்த வருஷம் ஐப்பசிக் காற்றில் அலைகள் நேராக வந்து கரையை அரித்தன. வீட்டின் பின்சுவர் சரிந்தது.

"நாந்தாங்க புடுங்கச் சொன்னேன்" என்று அம்மா அழுதாள்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? அழுதுக்கினு நிக்காத, சாமான எடு" என்றார் அப்பா.

விழுப்புரத்துக்கு வாடகை வீடு தேடி வந்தோம். அப்பா அங்கேதான் இறந்தார்.

இப்போது பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "பாசியப் புடுங்காதீங்கன்னு யாருனா போய் அவங்ககிட்ட சொல்லக்கூடாதாடா?" என்றாள். பஸ் ஏரியைத் தாண்டிவிட்டிருந்தது.